ஒரு மந்திரவாதியும் ஸ்கின் கலர் பென்சிலும்

2023 ஏப்ரல் கடைசி. பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகத்துக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். தியேட்டர்ல நல்ல கூட்டம். படம் ஆரம்பிச்சு அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது. அப்பா என் காதுகிட்ட வந்து, "மணிமேகலை எங்கடா?"ன்னார்.

"படத்துல அந்த கேரக்டரே இல்லப்பா."

"அதெப்படி இல்லாமப் போகும்?"

இது கொஞ்சம் சத்தமாவே வந்துடுச்சு. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அதுக்கப்புறம் படம் முடியற வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "புக்குல இப்படி இல்ல", "புக்குல இப்படி இல்ல". வெளிய வந்து டீ குடிக்கும்போது, "நீங்க படம் பார்க்க வந்தீங்களா, ப்ரூஃப் பார்க்க வந்தீங்களா?"ன்னு ஓட்டினேன். அப்பா சிரிக்கல. கல்கியில வந்த பக்கங்களை எல்லாம் கிழிச்சு தாத்தா பைண்டு பண்ணி வெச்சிருந்தாரு. அதை ஒம்பதாவது படிக்கும்போது பெரிய லீவுல முழுசாப் படிச்சு முடிச்சவர் அப்பா. "உனக்குப் புரியாதுடா"ன்னு மட்டும் சொன்னார்.

எனக்கு நல்லாவே புரியும். சொல்லத்தான் இல்ல. எனக்கும் அப்படி ஒரு புத்தகம் இருக்கு. ரெண்டு தடவை அதைத் திரைக்கு எடுத்தாங்க. ரெண்டு தடவையும் நான் பார்த்தது என் புத்தகம் இல்ல. மூணாவது தடவைக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன். இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

எர்த்ஸீ. உர்சுலா கே. லெ குவின்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் எழுதின ஃபேன்டஸி வரிசை. முதல் புத்தகம் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968-ல வந்தது. அடுத்து 'த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971), 'த ஃபார்தெஸ்ட் ஷோர்' (1972). 18 வருஷம் கேப் விட்டு 1990-ல 'டெஹானு'. அப்புறம் 2001-ல 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ'ன்னு ஒரு கதைத் தொகுப்பும், 'தி அதர் விண்ட்'னு கடைசி நாவலும். லெ குவின் 2018 ஜனவரியில, 88 வயசுல இறந்துட்டாங்க.

எனக்கு இது கிடைச்சது 2016-ல. சென்னையில இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். ஞாயித்துக்கிழமை திருவல்லிக்கேணி நடைபாதையில பழைய புக்கு கடை போடுவாங்க இல்லையா, அங்க செமஸ்டருக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் புக்கு தேடிப் போயிட்டு, அட்டையில டிராகன் இருந்ததைப் பார்த்து நாப்பது ரூபாய்க்கு இதை வாங்கிட்டு வந்தேன். (டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்ல ஜஸ்ட் பாஸ். அது வேற கதை.)

ஹீரோ பேரு கெட். பேருதான் கெட், ஆளு நல்லவன். கான்ட்டுங்கற மலைத்தீவுல ஆடு மேய்க்கிற பையன். அம்மா கிடையாது, அப்பா கொல்லர். மந்திரம் கத்துக்க ரோக் தீவுல இருக்கற பள்ளிக்கூடத்துக்குப் போறான். மந்திரப் பள்ளிக்கூடமான்னு கேட்டா, ஆமா, ஹாரி பாட்டர் முதல் புத்தகம் 1997-ல வந்தது, இது அதுக்கு 29 வருஷம் முன்னாடி. அங்க பெரிய வீட்டுப் பையன் ஒருத்தனோட போட்டி. "உன்னால முடியுமா?"ன்னு அவன் சீண்ட, திமிர்ல இவன் செத்தவங்க உலகத்துலேர்ந்து ஒரு ஆவியைக் கூப்பிட, திறந்த வழியில ஒரு நிழலும் வெளிய வந்துடுது. மீதிக் கதை முழுக்க அந்த நிழல் இவனைத் துரத்தறது. பிறகு ஒரு கட்டத்துல இவன் திரும்பி அதைத் துரத்தறது. 200 பக்கம் கூட வராத சின்னப் புத்தகம்.

இதுல மூணாவது அத்தியாயத்துல போற போக்குல ஒரு விஷயம் வரும். ரோக்ல கெட்டுக்கு வெட்ச்னு ஒரு நண்பன் கிடைக்கிறான். அவன் நல்ல கறுப்பு. கெட்டும் அந்தத் தீவுக்கூட்டத்துல பெரும்பாலானவங்களும் செம்பழுப்பு நிறம். அவ்வளவுதான், ஒரே வாக்கியம். கதை அது பாட்டுக்குப் போயிடும். அந்த உலகத்துல வெள்ளையா, மஞ்சத் தலைமுடியோட இருக்கறவங்க கார்க் ஜனங்க. முதல் அத்தியாயத்துல கெட்டோட ஊரைக் கொள்ளையடிக்க வர்றவங்க.

இப்ப ஒரு உண்மையைச் சொல்லியாகணும். நான் அந்த வாக்கியத்தைப் படிச்சேன். புரிஞ்சுது. படிச்சு முடிச்ச பிறகும் என் மனசுல ஓடின கெட் வெள்ளைக்காரப் பையன்தான். டேனியல் ராட்கிளிஃப் சாயல்ல, கண்ணாடி மட்டும் இல்லாம. இத்தனைக்கும் நான் செம்பழுப்பு எல்லாம் தாண்டி வெட்ச் லெவல் கறுப்பு. ஏழாவது படிக்கும்போது ஆண்டு விழாவுல கிருஷ்ணர் நாடகம் போட்டாங்க. எனக்கு அசுரன் வேஷம். கிருஷ்ணர் வேஷம் வகுப்புலயே சிவப்பான பையனுக்கு. அவனுக்கு நீல பெயின்ட் அடிச்சு கார்மேக வண்ணன் ஆக்கினாங்க! அப்ப அது எனக்குத் தப்பாவே தெரியல. கறுப்பா இருக்கறவன் அசுரன், அவ்வளவுதானே. அதே மனசோடதான் 2016-லயும் புத்தகம் படிச்சிருக்கேன். எழுதினவங்க தெளிவா எழுதி வெச்சிருந்தும், என் தலைக்குள்ள இருந்த டைரக்டர் வேற ஆளைப் போட்டு படத்தை எடுத்து முடிச்சுட்டான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ரெண்டாவது தடவை படிச்சேன். அப்பத்தான் அந்த வாக்கியத்துல நின்னேன். கொஞ்ச நேரம் புக்கை மூடி வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரிய மந்திரவாதி, டிராகனோட பேசறவன், அவன் எங்க தெருப் பையன் கலர்ல இருக்கான்.

அதுக்கப்புறம்தான் படம், சீரீஸ் ஏதாவது வந்திருக்கான்னு தேடிப் பார்த்தேன்.

2004 டிசம்பர்ல அமெரிக்காவுல சை-ஃபை சேனல் ஒரு மினி சீரீஸ் போட்டாங்க. முதல் ரெண்டு புத்தகத்தையும் சேர்த்து அரைச்சு ஒண்ணாக்கினது. அதுல கெட்டா நடிச்சது ஷான் ஆஷ்மோர், வெள்ளைக்கார நடிகர். டேனி க்ளோவர் குருவா வர்றார். முக்கியமான வேஷங்கள்ல வெள்ளை இல்லாதவர்னு பார்த்தா பெரும்பாலும் அவர்தான். புத்தகத்துல இல்லாத ஒரு வில்லன் ராஜா வேற. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்களுக்குத் திரைக்கதை எழுதினவங்கள்ல ஒருத்தரான பிலிப்பா பாயன்ஸ் எழுதறதா ஆரம்பத்துல பேச்சு இருந்ததால லெ குவின் நம்பி உரிமையைக் குடுத்திருக்காங்க. கடைசியில எழுதினது வேற ஆளு. சீரீஸ் ஒளிபரப்பான சமயத்துல ஸ்லேட் இதழ்ல அவங்க ஒரு கட்டுரை எழுதினாங்க. செம கோபம். உலகத்துல பெரும்பாலான மனுஷங்க வெள்ளை இல்ல, அப்புறம் கற்பனை உலகத்துல மட்டும் ஏன் எல்லாரும் வெள்ளையா இருக்கணும்? இதுதான் அவங்க கேள்வி. வெள்ளையர் அல்லாத வாசகர்கள், ஃபேன்டஸியில எங்களுக்கும் இடம் உண்டுன்னு உங்க புத்தகத்துலதான் தோணுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்காங்க. அதையும் எழுதியிருந்தாங்க. படிக்கும்போது எனக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு.

அந்த சீரீஸ்ல இன்னொரு கூத்தும் உண்டு. எர்த்ஸீயில எல்லாருக்கும் ரெண்டு பேரு. ஊர்ல கூப்பிடற பேரு ஒண்ணு, உண்மைப் பேரு ஒண்ணு. உண்மைப் பேரு தெரிஞ்சவன் கையில உன் உயிர் இருக்குன்னு அர்த்தம். அதனால உயிருக்கு உயிரானவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவாங்க. எங்க ஆச்சி கடைசி வரைக்கும் தாத்தா பேரை வாயால சொன்னதே இல்ல. ரேஷன் கடையில கேட்டா கூட பக்கத்துல நிக்கற என்னைக் காட்டி "இவன் சொல்லுவான்"பாங்க. அந்த வீட்டுல வளர்ந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். புத்தகத்துல ஊர் கூப்பிடற பேரு ஸ்பேரோஹாக், அது ஒரு வேட்டைப் பறவை. உண்மைப் பேரு கெட். சீரீஸ்ல இதைத் தலைகீழா மாத்திட்டாங்க! எல்லாரும் சர்வ சாதாரணமா "கெட், கெட்"னு கூப்பிடறாங்க. அடப்பாவிகளா, கதையோட அஸ்திவாரமே அந்தப் பேருதானேய்யா.

ரெண்டாவது, 2006-ல ஜப்பான்ல ஸ்டுடியோ கிப்ளி எடுத்த அனிமேஷன் படம். இதுக்குப் பின்னாடி ஒரு சோகக் கதை இருக்கு. 80-கள்லயே ஹயாவோ மியாசாகி இந்தக் கதையைக் கேட்டிருக்கார். லெ குவினுக்கு அப்ப அவரைத் தெரியாது. அனிமேஷன்னா டிஸ்னி மாதிரிதான் இருக்கும்னு நினைச்சு வேணாம்னுட்டாங்க. பல வருஷம் கழிச்சு 'மை நெய்பர் டோட்டோரோ' பார்த்துட்டு ரசிகை ஆகி, எடுத்தா இவர்தான் எடுக்கணும்னு அவங்களே ஆசைப்பட்டாங்க. கடைசியில படத்தை எடுத்தது அவரோட பையன் கோரோ மியாசாகி. அவருக்கு அதுதான் முதல் படம். பெரும்பாலும் மூணாவது புத்தகத்தை வெச்சு எடுத்தது. புத்தகத்துல இளவரசன் ஆரென் அவங்க அப்பா அனுப்பித்தான் சேதி எடுத்துக்கிட்டு ரோக்குக்கு வர்றான். படத்துல ஆரம்பத்துலயே அப்பாவைக் குத்திக் கொன்னுட்டு ஓடி வர்றான். ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. வானமும் வயலும் மட்டும் அவ்வளவு அழகு. லெ குவின் படத்தைப் பார்த்துட்டு, இது என் புத்தகம் இல்ல, உங்க படம், நல்ல படம்னு கோரோகிட்ட சொன்னாங்களாம். பெரிய மனசு. ஆனா தன் வலைத்தளத்துல எழுதும்போது ஒண்ணை மறைக்காமச் சொன்னாங்க. கெட்டதை எல்லாம் ஒரு வில்லன் தலையில கட்டி, அவனைக் கொன்னா எல்லாம் சரியாயிடும்னு முடிச்சது தனக்கு ஒட்டலன்னு.

இங்க நம்ம வேலையிலேர்ந்து ஒரு விஷயம். ஒரு கடையோட பழைய பில்லிங் சாஃப்ட்வேரைப் புதுசா மாத்திக் குடுத்தோம். பழைய ஸ்க்ரீன்ல இருந்த அத்தனை பட்டனும் புதுசுலயும் இருந்தது. டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ். லைவ் போன மறுநாள் கவுன்ட்டர்ல உட்கார்ற ஒரு அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, முன்னாடி மவுஸைத் தொடாமலே கடகடன்னு பில் போடுவேன், இப்ப முடியலையே"ன்னாங்க. எங்க ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்ல அதை யாரும் எழுதல. அந்த அம்மாவுக்கு சாஃப்ட்வேர்னாலே அதுதான்.

புத்தகத்தைப் படமாக்கறதும் இப்படித்தான்னு தோணுது. சீன் லிஸ்ட் போட்டு ஒவ்வொண்ணா டிக் அடிச்சா போதாது. லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல டாம் பாம்படிலையே தூக்கிட்டாங்க, ஆனாலும் ரசிகர்கள் அந்தப் படங்களைக் கொண்டாடறாங்க. எதைத் தொட்டா கதை செத்துடும்னு எடுக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். எர்த்ஸீயில அப்படி எதெல்லாம்னு என் லிஸ்ட் இதோ. (முதல் புத்தகத்தோட முடிவு ரெண்டாவது பாயின்ட்ல இருக்கு. படிக்காதவங்க அதைத் தாண்டிப் போயிடுங்க.)

1. நிறம். கெட் செம்பழுப்பு, வெட்ச் கறுப்பு. அட்டுவான் கதையோட நாயகி டெனார் கார்க் பொண்ணு, அவ வெள்ளை. அதையும் மாத்த வேண்டாம். இன்னொரு முக்கியமான விஷயம், இதை வெச்சு வசனம் எதுவும் வேண்டாம். "நான் கறுப்புடா"ன்னு கெட் ஒரு டயலாக் பேசினா நான் எழுந்து போயிடுவேன். புத்தகத்துல அது பேச்சே இல்ல. அந்த ஊர்ல அது சாதாரணம். அந்த சாதாரணம்தான் எனக்கு வேணும்.

2. கிளைமாக்ஸ்ல சண்டை கூடாது. கெட்டும் வெட்ச்சும் ஒரு சின்னப் படகுல, தீவே இல்லாத கடைசிக் கடல் வரைக்கும் போறாங்க. அங்க நிழலும் கெட்டும் நேருக்கு நேர். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே பேரைச் சொல்றாங்க. கெட்டோட சொந்தப் பேரை. நிழலும் அவன்தான். அவ்வளவுதான், முடிஞ்சுது. சி.ஜி. போட்டு அரை மணி நேரம் மின்னல் அடிச்சு அந்த நிழலைத் தோற்கடிச்சா, அதை விட பெரிய தப்பு வேற இல்ல. கெட் ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல. தன்னோட அசிங்கத்தை "இதுவும் நான்தான்"னு ஒத்துக்கறான். நம்ம ஊர் தியேட்டர்ல இது எடுபடுமான்னு தெரியல. ஆனா தன் தப்பை அடுத்தவன் மேல போட்டே 20 வருஷம் ஓட்டின எனக்கு, ஹாஸ்டல் ரூம்ல அந்தப் பக்கத்தைப் படிச்சப்ப ராத்திரி தூக்கம் வரல.

3. மழையில நனையற குரு. ஓகியன் கான்ட் தீவோட பெரிய மந்திரவாதி. சிஷ்யனைக் கூட்டிக்கிட்டு நடந்து போறப்ப மழை பிடிச்சுக்கும். வேற மந்திரவாதியா இருந்தா மேகத்தை அந்தப் பக்கம் தள்ளி விட்டுடுவான். இவரு ஒரு மரத்தடியில படுத்துடுவாரு. கெட் புதர்ல ஒண்டிக்கிட்டு நடுங்கிக்கிட்டே, மழையை நிறுத்த முடியாத மந்திரம் எதுக்குன்னு யோசிப்பான். இங்க தள்ளி விட்ட மேகம் வேற எங்கயோ போய் கொட்டும், அதை யோசிச்சியாங்கறதுதான் எர்த்ஸீ மந்திரத்தோட முதல் பாடம். எடிட்டிங்ல முதல்ல வெட்டப்படற சீன் இதுதான்னு எனக்கு பயம். தயவு செஞ்சு ரெண்டு நிமிஷம் அந்த மழையைப் பெய்ய விடுங்க.

4. அட்டுவான்ல பொறுமை. ரெண்டாவது புத்தகத்துல முதல் நாலு அத்தியாயம் கெட் வரவே மாட்டான். ஒரு சின்னப் பொண்ணை அஞ்சு வயசுல வீட்டுலேர்ந்து எடுத்துட்டுப் போய், பேரைப் பிடுங்கிட்டு, இருட்டுத் தெய்வங்களுக்குப் பூசாரி ஆக்கறாங்க. அந்த இருட்டுச் சுரங்கத்துல விளக்குக் கொண்டு போகக் கூடாது. கையால சுவரைத் தடவி வழி மனப்பாடம் பண்ணணும். நாமளும் அவளோட சேர்ந்து தடவணும். "ஹீரோ எங்க?"ன்னு தயாரிப்பாளர் கேட்டா, ஹீரோ அவதாங்கன்னு சொல்ற தைரியம் வேணும்.

5. மூணோட நிறுத்தாம டெஹானு வரைக்கும் வரணும். சக்தி எல்லாம் போய் வீடு திரும்பற கெட், ரெண்டு பிள்ளை பெத்து நடுவயசுல விதவையா நிக்கிற டெனார், நெருப்புல சுட்ட ஒரு குழந்தை. வாள் சண்டைக்காகப் பார்க்கறவங்க இதுக்கு முன்னாடியே போயிருப்பாங்க. பரவாயில்ல, போகட்டும்.

ஏன் இப்படிக் கிடந்து அடிச்சுக்கறேன்னு கேட்பீங்க. போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணுக்கு ஆறு வயசு. ராத்திரி கதை சொல்லுன்னு ஒரே நச்சு. கெட் கதையை அவளுக்கு ஏத்த மாதிரி நம்ம பாஷையில சொன்னேன். நிழல் வர்ற இடத்துல போர்வைக்குள்ள போயிட்டா. மறுநாள் காலையில பார்த்தா, தரையில படுத்து படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கா. கெட், கையில கோல், தோள்ல ஓட்டாக். (அது கெட்டோட செல்லப் பிராணி. நானும் அதை அணில்னுதான் சொல்லி வெச்சிருந்தேன்.)

"மாமா, ஸ்கின் கலர் பென்சில் எங்க?"

டப்பாவுல வெளிர் ரோஸ் கலர்ல ஒண்ணு இருக்கும் இல்லையா, அதைத்தான் கேக்கறா. "ப்ரவுன் எடுத்துக்கோ"ன்னேன்.

"அது மரத்துக்கு."

என் கலர்லயே இருக்கற பிள்ளை இப்படிச் சொல்லுது. யாரு சொல்லிக் குடுத்தா? யாரும் சொல்லிக் குடுக்கல. எனக்கும் யாரும் சொல்லிக் குடுக்கலதான். நான் மூணாவது அத்தியாயத்தைப் படிச்சும் கெட்டை வெள்ளையா வரைஞ்சேன், அவ புத்தகமே படிக்காம வரையறா. அவ கையைப் பென்சில் பக்கத்துல வெச்சுக் காட்டலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள தேடி எடுத்து ரோஸ் அடிச்சு முடிச்சுட்டா. நல்லா இருக்குன்னு சொன்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

அவ படிக்கறதுக்கு முன்னாடி பார்ப்பா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான். அதனாலதான் எனக்கு அந்தப் படம் ஒழுங்கா வரணும்.

நம்பிக்கை இல்லாம இல்ல. பெர்சி ஜாக்சனுக்கு 2010-லயும் 2013-லயும் வந்த படங்கள் ரசிகர்களைக் கடுப்பேத்தின பிறகு, 2023-ல சீரீஸா இன்னொரு வாய்ப்பு கிடைச்சது. 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' 2007-ல ஒரே படத்தோட நின்னு போய், 2019-லேர்ந்து 2022 வரைக்கும் மூணு சீசனா முழுசா வந்துச்சு. எட்டு படம் வந்த ஹாரி பாட்டரையே எச்பிஓ மறுபடியும் முதல்லேர்ந்து எடுக்கறதா 2023-ல அறிவிச்சாங்க. எர்த்ஸீக்கும் 2019-ல ஒரு அறிவிப்பு வந்தது. தயாரிப்பாளர் ஜெனிஃபர் ஃபாக்ஸும் ஏ24 நிறுவனமும் சேர்ந்து சீரீஸா எடுக்கப் போறதா. லெ குவின் உயிரோட இருக்கும்போதே ஜெனிஃபர் ஃபாக்ஸுக்குச் சம்மதம் குடுத்திருந்தாங்க. அறிவிப்பு வந்து வருஷங்கள் ஓடிடுச்சு. நானும் மாசத்துக்கு ஒரு தடவை தேடிப் பார்த்துட்டு டேபை மூடிடுவேன்.

வந்தா அப்பாவையும் அக்கா பொண்ணையும் கூட்டி உட்கார வெச்சுப் பார்க்கணும். தியேட்டர்ல வந்தா இன்னும் நல்லது. முன் சீட்டுல உட்காரப் போற அண்ணனுக்கு இப்பவே ஒரு ஸாரி. "புக்குல இப்படி இல்ல"ன்னு பின்னாடிலேர்ந்து சத்தம் வந்தா, அது எங்க அப்பா இல்ல, நான் :-)

பி.கு: படிக்க ஆரம்பிக்கணும்னு நினைக்கறவங்க முதல் புத்தகத்துலேர்ந்தே ஆரம்பிங்க. எல்லாத்தையும் சேர்த்து சார்ல்ஸ் வெஸ் படங்களோட 2018-ல ஒரே குண்டு புத்தகமா வந்திருக்கு. அதுல கெட் சரியான கலர்ல இருக்கான். விலைதான் கொஞ்சம் கடிக்கும். போனஸ் மாசம் பார்த்து வாங்குங்க.